மாங்காயை வெந்நீரில் முக்கி அழுகலைத் தடுப்பது எப்படி: கொங்கு விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

பறிக்கும்போது பளிச்சென்று இருந்த மாங்காய், மண்டிக்குப் போய்ப் பழுக்கத் தொடங்கிய நான்காம் ஐந்தாம் நாளில் தோலெங்கும் கரும்புள்ளி விட்டு, காம்படியில் கறுத்து இளகிப் போவதைப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தில்லாமல் இதைப் பெருமளவு குறைக்க வெந்நீர் முறை இருக்கிறது என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், தொட்டி எங்கே செய்வது, மின் இணைப்பு எது, மானியத்துக்கு எந்தக் காகிதம் என்று கேட்டால் ஒவ்வொரு விவரமும் ஒவ்வோர் இடத்தில் கிடக்கிறது. பல்கலைக்கழகத்தில் சொல்பவர்களுக்கு மண்டி நிலவரம் தெரியாது. மண்டியில் சொல்பவர்களுக்கு வெப்பமானி தெரியாது. அலைந்து திரட்டியவற்றை, புதிதாகத் தொடங்குபவர் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தந்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பூஞ்சையைக் கொல்லும் சூட்டுக்கும் பழத்தை வேகவைக்கும் சூட்டுக்கும் இடையே இருப்பது சில டிகிரி மட்டுமே. எனவே இந்த வேலையில் அடுப்பைவிட அளவுக்கருவிதான் முக்கியம். பணம் குறைவாக இருந்தால் தொட்டியில் சிக்கனம் பிடியுங்கள். வெப்பமானியிலும் தண்ணீரைச் சுழற்றும் பம்பிலும் பிடிக்காதீர்கள்.

1. உங்கள் சரக்குக்கு இது தேவையா என்று முடிவு செய்யுங்கள்

கரும்புள்ளியை உண்டாக்கும் ஆந்த்ராக்னோஸ் நோய், பழத்தில் அறுவடைக்குப் பிறகு வந்து ஒட்டுவதன்று. பூக்கும் காலத்திலும் பிஞ்சுப் பருவத்திலும் மழைத்துளியோடு தெறிக்கும் வித்துகள், காய்த்தோலின் மேலடுக்கில் நுழைந்து அங்கேயே உறங்கிக் கிடக்கின்றன. பச்சைத் தோலில் இயற்கையாகவே இருக்கும் எதிர்ப்புப் பொருள்கள் பழுக்கும்போது குறைகின்றன. அப்போதுதான் பூஞ்சை விழித்துக்கொள்கிறது. காம்படி அழுகலுக்குக் காரணம் வேறொரு பூஞ்சை. அது காம்பு வழியாகவும் வெட்டுவாய் வழியாகவும் உள்ளே போகிறது. வெந்நீர், தோலின் மேலடுக்கில் கிடக்கும் பூஞ்சையைக் கொல்கிறது அல்லது முடக்குகிறது. சதைக்குள் ஆழமாகப் போய்விட்ட அழுகலை எதுவும் செய்யாது. முக்கி எடுத்தபின் புதிதாக ஒட்டும் வித்துகளிலிருந்து பாதுகாப்பும் தராது.

இதிலிருந்தே யாருக்குப் பயன், யாருக்கு வீண் என்பது விளங்கும். உழவர் சந்தையில் இரண்டு நாளில் விற்றுத் தீர்ந்துவிடும் பழத்துக்கு இந்தச் செலவு தேவையில்லை. கிருஷ்ணகிரிப் பக்கக் கூழ் ஆலைக்கு லாரியில் கொட்டிக்கொண்டு போகும் பெங்களூரா இரக மாங்காய்க்கும் தேவையில்லை. கோயம்பேட்டுக்கோ கொச்சிக்கோ பெங்களூருக்கோ பெட்டியில் போகும் இமாம் பசந்த், மல்கோவா, சேலம் குண்டு, பங்கனப்பள்ளி போன்ற விலையுள்ள இரகங்களுக்கும், வீட்டுக்கே நேரடியாகப் பெட்டி அனுப்புபவர்களுக்கும்தான் இது கணக்குக் கட்டும். பூக்கும் காலத்தில் மழை பெய்த ஆண்டில் பயன் அதிகம். மழையே இல்லாத ஆண்டில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

தோட்டத்தில் காய்ந்த குச்சிகளையும் நோயுற்ற பூங்கொத்துகளையும் வெட்டி அகற்றாமல் வெந்நீரை மட்டும் நம்புவது தவறு. நோய் மிகுந்த தோட்டத்துக் காயை எந்தத் தொட்டியும் காப்பாற்றாது.

2. எந்தப் பழத்துக்கு எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம்

மாங்காய்க்கு 52 டிகிரி செல்சியஸ், ஒரு டிகிரி கூடக் குறைய, 5 முதல் 10 நிமிடம். பெரும்பாலான பரிந்துரைகளின் சாரம் இதுதான். சிறிய காய்க்கும் மெல்லிய தோலுக்கும் 5 நிமிடத்தில் தொடங்கி, உங்கள் இரகம் தாங்குகிறது என்று சோதித்த பிறகே 10 நிமிடத்துக்குப் போங்கள். 55 டிகிரியைத் தாண்டினால் தோல் வெந்து பழுப்பேறும். 50-க்குக் கீழே இறங்கினால் அந்த நேரத்துக்குள் பூஞ்சை சாகாது.

பப்பாளிக்குச் சூடு குறைவு, நேரம் அதிகம்: 48 அல்லது 49 டிகிரியில் 20 நிமிடம். ரெட் லேடி போன்ற பழங்களில் ஒன்றிரண்டு மஞ்சள் கோடு விழுந்த நிலைதான் இதற்கு ஏற்றது. பால் எடுப்பதற்காகக் கீறப்பட்ட பப்பாளியை எக்காரணம் கொண்டும் தொட்டியில் போடாதீர்கள். கீறல் வழியே தண்ணீர் இறங்கி, தடுக்க நினைத்த அழுகலை நாமே உள்ளே அனுப்பியதாகிவிடும்.

வாழையில் இந்த முறையைச் செய்து பார்க்காதீர்கள். கோபி, சத்தி, பவானிப் பக்கத்திலிருந்து இதைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் நேந்திரனையும் கதலியையும் மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். வாழைத்தோல் சூட்டில் மிக விரைவாகக் கறுக்கும். சீப்பின் அடிப்பகுதி அழுகலுக்கு, சுத்தமான கத்தியில் ஒரே வெட்டாக வெட்டுவதும், படிகாரம் கலந்த தண்ணீரில் பாலைக் கழுவுவதும், ஈரமில்லாமல் அடுக்குவதுமே முதலில் செய்ய வேண்டியவை.

ஏற்றுமதி எண்ணம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னது அழுகலுக்கான சிகிச்சை. பழ ஈக்காக அயல்நாடுகள் கேட்பது வேறு. ஐரோப்பாவுக்கு 48 டிகிரி வெந்நீரில் 60 நிமிடம், ஜப்பானுக்கு நீராவி வெப்பத்தில் 47.5 டிகிரியில் 20 நிமிடம், அமெரிக்காவுக்குக் கதிர்வீச்சு என்று தனித்தனி முறைகள் இருக்கின்றன. அவற்றை அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் மட்டுமே செய்ய முடியும். தோட்டத்துத் தொட்டியில் 10 நிமிடம் முக்கிவிட்டு ஏற்றுமதித் தரம் என்று அட்டைப்பெட்டியில் அச்சிடாதீர்கள்.

3. காகித வேலையைப் பருவத்துக்கு முன்பே தொடங்குங்கள்

இதைத் தொட்டிக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. செந்தூரா மாங்காய்ப் பறிப்பு சித்திரையில் தொடங்கிவிடும். அரசின் நிதியாண்டும் ஏப்ரலில்தான் தொடங்குகிறது. மாவட்டத்துக்கு ஒதுக்கீடு வந்து, விண்ணப்பம் பார்த்து, இடத்தைப் பார்வையிட்டு, ஆணை வருவதற்குள் அந்தப் பருவம் முடிந்துவிடும். ஆகவே, அடுத்த சித்திரைக்குத் தொட்டி வேண்டுமென்றால் முந்தைய ஆவணியிலேயே தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். தேசியத் தோட்டக்கலை வளர்ச்சித் திட்டங்களின்கீழ் பழம் தரம் பிரிக்கவும் பொதியவும் கொட்டகை கட்டுவதற்குச் செலவில் பாதி வரை மானியம் தரப்பட்டு வந்திருக்கிறது. தொட்டியை அந்தக் கொட்டகையின் கருவிகளில் ஒன்றாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். செலவு வரம்பை அவ்வப்போது திருத்துகிறார்கள் என்பதால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் முன்பு வாங்கிய தொகையை வைத்துக் கணக்குப் போடாமல், நடப்பு ஆண்டின் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: கணினிச் சிட்டா, நடப்புப் பசலிக்கான அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், புகைப்படம், கருவிக்கான விலைப்புள்ளி. சிறு குறு விவசாயி என்ற சான்று இருந்தால் அதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பசலி ஆண்டு ஜூலை 1-இல் மாறுகிறது. ஜூனில் வாங்கிய அடங்கலை ஆகஸ்டில் நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். உழவன் செயலியில் முன்பதிவு செய்துவிட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு நேரில் போவது நல்லது. செயலியில் பதிந்துவிட்டோம் என்று வீட்டில் காத்திருப்பவர்களின் விண்ணப்பம் பெரும்பாலும் அப்படியே கிடக்கிறது.

இங்கே விழக்கூடிய குழிகள் மூன்று. முதலாவது, ஆணை கைக்கு வருமுன் கருவியை வாங்கிவிடுவது. முந்தைய தேதியிட்ட ரசீதுக்கு மானியம் கேட்க முடியாது. இரண்டாவது, ரசீது விண்ணப்பதாரர் பெயரில் இல்லாமல் மகன் பெயரிலோ கடைப் பெயரிலோ இருப்பது. மூன்றாவது நம் பகுதிக்கே உரியது: மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுக்கும் வியாபாரிகளிடம் பட்டா இருக்காது. குத்தகைதாரர் தொட்டிக்குப் பணம் போட்டாலும் விண்ணப்பம் நில உரிமையாளர் பெயரில்தான் செல்லும். மானியம் அவர் கணக்கில்தான் விழும். இதை முதலிலேயே முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளாதவர்கள் பின்னால் பங்காளிச் சண்டை போடுகிறார்கள்.

வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை என்று வங்கியில் சொல்வார்கள். கூட்டாகப் பெரிய சிப்பக்கூடமே (பழம் பொதியும் கூடம்) கட்டும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அது பொருந்தும். ஒரு தனித் தோட்டத்துக்கு வேண்டிய தொட்டிக்காகக் கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சொந்தத் தோட்டத்துக் காயை மட்டும் முக்கி விற்கும் விவசாயிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உரிமம் தேவைப்படுவதில்லை. மற்றவர்களிடம் காய் வாங்கி முக்கி விற்கத் தொடங்கினால் நீங்கள் வியாபாரி. அப்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு வியாபாரிக்கான பதிவை இணையத்திலேயே முடிக்கலாம், கட்டணமும் சொற்பம். இதற்கு இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

4. தொட்டியும் மின்சாரமும்

ஒரு முறைக்கு, முக்கால் பாகம் நிரப்பினாலே 20 கிலோ கொள்ளும் கிரேட் (காய் அடுக்கும் பெட்டி) ஐந்து, அதாவது 100 கிலோ காய் என்று வைத்துக்கொள்வோம். காய் ஒரு பங்கென்றால் தண்ணீர் ஐந்து பங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. எனவே 500 லிட்டர் தண்ணீர், காயின் இடத்தையும் சேர்த்து 700 லிட்டர் கொள்ளும் தொட்டி. தண்ணீர் குறைந்தால் காயைப் போட்டவுடன் சூடு இறங்கிவிடும். பிறகு ஏற்றுவதற்குள் நேரம் கடந்துவிடும்.

உணவுக்கு ஏற்ற 304 தர எவர்சில்வர் தகட்டில், வெளியே கண்ணாடி நார் அல்லது தெர்மாகோல் உறையிட்டு, கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ பட்டறைகளில் செய்து தருவார்கள். வரைபடம் போட்டு, அடியில் வடிகால் குழாய், பக்கவாட்டில் பம்புக்கு இரண்டு துளை, கிரேட் உட்காரத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் கம்பித் தட்டு, மேலே இரண்டாக மடியும் மூடி என்று எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் வடிகாலை மறந்துவிடுவார்கள்.

திருப்பூர், பெருந்துறைப் பக்கத்தில் மூடப்பட்ட சாயப் பட்டறைகளின் எவர்சில்வர் தொட்டிகள் பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். வாங்காதீர்கள். பற்றவைப்பின் இடுக்கில் படிந்திருக்கும் சாயத்தையும் ரசாயனத்தையும் எந்தக் கழுவலும் முழுதாக எடுக்காது. உண்ணும் பழம் அதில் இறங்கக் கூடாது. மஞ்சள் வேகவைக்கும் கொப்பரையும் இதற்கு உதவாது. அது கொதிக்கவைப்பதற்கென்று செய்தது, சூட்டை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதற்கன்று. மஞ்சள் கறையும் தோலில் ஏறும்.

இனி மின்சாரம். 500 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 52-க்கு ஏற்ற ஏறத்தாழ 14.5 யூனிட் பிடிக்கும். ஒவ்வொரு 100 கிலோ காயும் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 1 யூனிட் அளவு சூட்டை இழுத்துக்கொள்ளும். மூடி திறந்திருக்கும்போது ஆவியாகவும் சுவர் வழியாகவும் மணிக்கு 2 யூனிட் அளவு வெளியேறும். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் 9 கிலோவாட் சூடேற்றி வேண்டும் என்று வருகிறது: 3 கிலோவாட் சூடேற்றிச் சுருள் மூன்று, மும்முனை இணைப்பில் முனைக்கு ஒன்று. இதில் தண்ணீர் தயாராக இரண்டு மணி நேரம் ஆகும். காய் பறிக்க ஆளை அனுப்பும்போதே சுவிட்சைப் போடுங்கள். வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி, எர்த்து, 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்புச் சுவிட்சு ஆகிய மூன்றும் இல்லாமல் எவர்சில்வர் தொட்டியில் சூடேற்றிச் சுருளை இறக்குவது உயிரோடு விளையாடுவது. கிரேட் இறக்கும்போதும் தூக்கும்போதும் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து இதற்கு ஒயர் இழுக்கக் கூடாது. அது பாசனத்துக்கென்று கொடுக்கப்பட்டது. வேறு பயன்பாட்டைக் கண்டுபிடித்தால் அபராதம் விதிப்பதோடு பாசன இணைப்புக்கே சிக்கல் வரும். கொட்டகைக்குத் தனி மீட்டருக்கு விண்ணப்பியுங்கள். தேவைப்படும் கிலோவாட்டை விண்ணப்பத்திலேயே சரியாக எழுதுங்கள். 3 கிலோவாட் என்று குறைத்து எழுதி வாங்கிவிட்டுப் பிறகு கூட்டுவது இரட்டை வேலை.

மின்சாரம் சரியில்லாத இடத்தில் இன்னொரு வழி இருக்கிறது. எரிக்கத் தேங்காய் மட்டையும் கொட்டாங்குச்சியும் கிடைக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். தனி அண்டாவில் 200 லிட்டரை 90 டிகிரிக்குச் சூடாக்கி, உறையிட்ட தொட்டியில் உள்ள 300 லிட்டர் சாதாரணத் தண்ணீரில் கலந்தால் 52 டிகிரி கிடைத்துவிடும். ஒவ்வொரு முறை காயை எடுத்தபின்பும் கொஞ்சம் சுடுநீர் ஊற்றிச் சரிசெய்ய வேண்டும்; காய் உள்ளே இருக்கும்போது ஒருபோதும் ஊற்றக் கூடாது. எரிவாயுவில் இதைச் செய்வதானால் 500 லிட்டருக்கு 2 முதல் 2.5 கிலோ வாயு செலவாகும். வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு என்பதால் 19 கிலோ வணிகச் சிலிண்டர் விலையில் கணக்குப் போடுங்கள். தொட்டிக்கு நேர் அடியில் தீ மூட்டுவது எல்லாவற்றிலும் மோசம்: அடித்தட்டில் இருக்கும் காய் வேகும், மேல்தட்டுக் காய்க்குச் சூடே எட்டாது.

தண்ணீரைச் சுழற்ற அரைக் குதிரைத்திறன் பம்பு போதும், ஆனால் சூடு தாங்கும் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் சூடேற்றிச் சுருளிலும் சூட்டை அளக்கும் உணர்கம்பியிலும் வெள்ளைப் பொறுக்கு படியும். பொறுக்கு படிந்த உணர்கம்பி தாமதமாகவே சூட்டைக் காட்டும். அதற்குள் தண்ணீர் 55-ஐத் தாண்டியிருக்கும். வாரம் ஒருமுறை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் துடையுங்கள்.

5. வெப்பமானியைச் சரிபாருங்கள்

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரியோடு நின்றுவிடும். பாதரசக் கண்ணாடிக் குழல் உடைந்தால் அந்தத் தொட்டித் தண்ணீரோடு காயையும் கொட்ட வேண்டியதுதான். நீண்ட கம்பி முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்குங்கள். ஒன்று தவறாகக் காட்டுகிறது என்பதை மற்றொன்றுதான் சொல்லும். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் முனையை வைத்தால் சுழியம் காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிப்பவர்கள் கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்: இங்கே தண்ணீர் 98.6 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 100 காட்டவில்லையே என்று நல்ல கருவியைத் திருகிக் கெடுத்துவிடாதீர்கள்.

கரும்பாலைக் கொப்பரையில் பாகின் பதத்தைக் கையாலேயே சொல்லிவிடும் பெரியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்தத் திறமை இங்கே செல்லாது. 50-க்கும் 54-க்கும் உள்ள வேறுபாட்டைக் கை அறியாது. முதல் நாள் வெறும் தண்ணீரை 52-இல் நிறுத்தி, தொட்டியின் நான்கு மூலை, நடு, மேல், அடி என்று எல்லா இடத்திலும் அளந்து பாருங்கள். எங்கேயாவது ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் பம்பின் வாயைத் திருப்பி வையுங்கள். அது சரியாகும்வரை ஒரு காயைக்கூட உள்ளே போடாதீர்கள்.

6. பறிப்பு முதல் தொட்டிவரை

நன்றாக முற்றிய காய் மட்டுமே சூட்டைத் தாங்கும். காம்பைச் சுற்றித் தோள் உயர்ந்து, காம்படி பள்ளமாகியிருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள்: முற்றியது மூழ்கும், இளங்காய் மிதக்கும். மிதப்பதை ஊறுகாய்க்கு விற்றுவிடுங்கள். வெந்நீரில் போட்டால் தோல் சுருங்கி, உள்ளே சதை கட்டிதட்டிப் போகும்.

மழை பெய்த மறுநாள் காலை பறித்த காயில் நீர் விம்மி நிற்கும். அதன் தோல் எளிதில் புண்படும். வெயில் ஏறியபின் பறிப்பது நல்லது. அலக்கில் வலை கட்டி, காம்பு ஓர் அங்குலமாவது இருக்கும்படி பறித்து, நிழலில் கொண்டுவந்து காம்பைச் சிறிதாக நறுக்கி, பால் வடியத் தலைகீழாகக் கம்பித் தட்டில் அரை மணியாவது வையுங்கள். பால் பட்ட தோல் சூட்டில் இன்னும் கறுக்கும். பிறகு சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். மண்ணோடு தொட்டியில் இறக்கினால் மூன்றாம் முறைக்குள் தண்ணீர் குட்டையாகிவிடும். அடிபட்டது, விழுந்தது, பழ ஈ குத்தியது ஆகியவற்றை இந்த இடத்திலேயே ஒதுக்குங்கள்.

பறித்த 24 மணி நேரத்துக்குள் முக்கிவிட வேண்டும். பழுக்கத் தொடங்கியபின் முக்குவது பயன் தராது, பூஞ்சை அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும்.

7. முக்குதல்

தண்ணீரை 53-க்கு ஏற்றி நிறுத்துங்கள். ஒரே அளவுள்ள காய்களாகக் கிரேட்டில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, மிதக்காமல் இருக்க மேலே கம்பி வலை மூடி போட்டு, ஐந்து கிரேட்டையும் ஒருசேர இறக்குங்கள். காய்க்கு மேல் நான்கு விரற்கடைத் தண்ணீராவது நிற்க வேண்டும். காய் இறங்கியதும் சூடு ஒரு டிகிரி அளவு இறங்கி மீண்டும் ஏறும். 52-ஐத் தொட்ட கணத்திலிருந்துதான் நிமிடக் கணக்குத் தொடங்குகிறது. தொட்டியருகில் நிற்பவர் ஒருவருக்கு வெப்பமானியையும் கடிகாரத்தையும் தவிர வேறு வேலை கொடுக்காதீர்கள், அவர் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவது இன்னும் நல்லது. மணி அடித்தவுடன் தூக்க வேண்டும். மண்டிக்காரர் அழைப்பு வந்ததென்று இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டால் அது அந்த 100 கிலோவிலும் தெரியும். 52 டிகிரித் தண்ணீர் சிறிது நேரத்திலேயே கையைப் புண்ணாக்கும் என்பதால் நீண்ட கையுறையும் கொக்கியும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சைக்கொல்லியைக் கொஞ்சம் கலந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று மருந்துக்கடையில் சொல்வார்கள். அறுவடைக்குப் பின் அந்தப் பழத்தில் பயன்படுத்தலாம் என்று உறையில் எழுதியிராத எதையும் கலக்காதீர்கள். மருந்து எச்சம் இல்லை என்பதுதான் இந்தப் பழத்துக்கு நீங்கள் கூடுதல் விலை கேட்பதற்கான ஒரே ஆதாரம்.

8. ஆறவைத்தல், உலர்த்தல், பழுக்கவைத்தல்

தூக்கிய கிரேட்டை அப்படியே அடுக்கினால் உள்ளே இருக்கும் சூட்டில் காய் தொடர்ந்து வேகும். சாதாரணக் குளிர்ச்சியுள்ள தண்ணீர்த் தொட்டியில் 10 நிமிடம் வைத்து எடுங்கள். பனிக்கட்டி போட வேண்டாம். இந்தத் தண்ணீர் அசுத்தமாக இருந்தால் வெந்நீரில் செய்த வேலை அத்தனையும் வீண், ஏனென்றால் கழுவிய தோலில் புதிய வித்துகள் இங்கேதான் ஒட்டும். 100 லிட்டருக்கு 4 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் 250 மில்லி கலந்தால் 100 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 100 பங்கு) குளோரின் கிடைக்கும். தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். குளோரினை வெந்நீர்த் தொட்டியில் ஊற்றுவது பயனற்றது. சூட்டில் பறந்துவிடுவதோடு மூக்கையும் எரிக்கும்.

பிறகு நிழலில், மின்விசிறிக் காற்றில், ஈரம் முற்றிலும் போகும்வரை ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். சென்ற ஆண்டின் பழைய வைக்கோலில் அடுக்காதீர்கள். பழுக்கவைக்கக் கால்சியம் கார்பைடு கல் தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயு 100 பி.பி.எம். வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வெந்நீரில் முக்கி எடுத்த காய் சற்று விரைவாகவும் சீராகவும் நிறம் ஏறுவதைப் பார்ப்பீர்கள். மண்டிக்கு அனுப்பும் நாளை அதற்கேற்ப ஒருநாள் முன்தள்ளிக்கொள்ளுங்கள்.

9. செலவுக் கணக்கு

ஒரு டன் காயை ஒரே மூச்சில் முக்கினால் தண்ணீரைச் சூடேற்ற 14.5 யூனிட்டும், அடுத்த மூன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 17 யூனிட்டும் ஆகும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் கிலோவுக்கு 32 காசுதான். அதே தொட்டியை 100 கிலோவுக்காக மட்டும் சூடேற்றினால் கிலோவுக்கு ஒன்றரை ரூபாயைத் தாண்டும். எனவே சிறு தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் ஒரே நாளில் பறித்து, ஒரே தொட்டியில் முறைவைத்து முக்குவதே சரி. கூலிதான் பெரிய செலவு: மூன்று பேருக்கு ஆளுக்கு 700 ரூபாய் என்றால் டன்னுக்கு 2,100, அதாவது கிலோவுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல். உங்கள் ஊர்க் கூலியை வைத்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு மூன்று ரூபாய் என்று வைத்தால், 60 ரூபாய்ப் பழத்தில் நூற்றுக்கு ஐந்து பழம் அழுகாமல் தப்பினாலே செலவு மீண்டுவிடும். 15 ரூபாய்க்குப் போகும் பழத்தில் நூற்றுக்கு இருபது தப்ப வேண்டும், அது நடக்காது.

10. முதல் பருவத்தில் சோதனைப் பெட்டி வையுங்கள்

ஒவ்வொரு இரகத்திலும், ஒரே மரத்துக் காயில் ஒரு பெட்டியை முக்கியும் இன்னொரு பெட்டியை முக்காமலும், ஒரே அறையில் பழுக்கும்வரை வைத்து நாள்தோறும் எண்ணி எழுதுங்கள். குறிப்பேட்டில் தேதி, தோட்டம், இரகம், தொடக்கச் சூடு, இறுதிச் சூடு, நிமிடம் ஆகிய ஆறும் இருந்தால் போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அறுவடைப்பின்சார் தொழில்நுட்ப மையத்திலோ கோபி, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையங்களிலோ ஆலோசனை கேட்கப் போனால், இந்தக் குறிப்பேட்டையும் கெட்ட பழங்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொல்லி விளக்குவதைவிட வேலை விரைவாக முடியும்.

கெட்ட பழத்தைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பெட்டியிலும் தோலெங்கும் கரும்புள்ளி இருந்தால் சூடோ நேரமோ போதவில்லை. முதலில் வெப்பமானியைச் சந்தேகியுங்கள். முக்கியதில் புள்ளி இல்லாமல் காம்படி மட்டும் கறுத்தால் நறுக்கிய கத்தியையும் ஆறவைத்த தண்ணீரையும் பாருங்கள். தோல் பழுப்பாகத் தீய்ந்தாற்போல் இருந்தால் சூடு மிகுதி. தோல் நன்றாக இருந்து, அறுத்தால் சதையில் வெள்ளைக் கட்டியோ வெற்றிடமோ தெரிந்தால் காய் முற்றவில்லை, அல்லது ஆறவைக்காமல் அடுக்கியிருக்கிறார்கள். கிரேட்டின் நடுவில் இருந்த பழம் மட்டும் அழுகியிருந்தால் காயை நெருக்கி நிரப்பியதால் வெந்நீர் அங்கே போகவில்லை. அடுத்த முறை கிரேட்டுக்கு நாலைந்து கிலோ குறைத்துப் போட்டுப் பாருங்கள்.